நாய்க்குக் கழுத்துப் பட்டையா, மார்புக் கச்சையா?

கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளை என்றால் அதன் வாசலில் ஒரு நாய் இருக்கும். குடியிருப்புகள் யாவும் ஊருக்குள்ளே நெருங்கியிராமல், கிணற்றையும் நிலத்தையும் அண்டித் தனித்தனியே அமைந்திருப்பது இப்பக்கத்து வழக்கம். ஆகவே இரவில் வரும் அயலாரை அறிவிக்கவும், களத்துத் தானியத்திற்கும் கோழிக்கும் காவலிருக்கவும், பட்டியில் அடைத்த ஆடுகளைக் காக்கவும் நாயின்றி முடிவதில்லை. மாட்டுக்குத் தும்பு எத்தகையதாயிருக்க வேண்டும், வண்டிக்கு நுகம் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்றெல்லாம் தீர ஆராய்கின்ற குடியானவர், இந்தக் காவலாளியின் உடம்பில் எதைப் பூட்டுவது என்பதை மட்டும் ஆராய்வதில்லை. சந்தைக்குப் போன இடத்தில் அகப்பட்ட ‘பெல்ட்’ ஒன்றை வாங்கிப் பூட்டுவதும், அதுவும் இல்லாவிடில் பழைய கயிற்றுத் துண்டைச் சுற்றி முடிவதுமே பெரும்பாலும் நடந்து வருகின்றன.

இவ்விஷயம் இக்காலத்தில் முன்னைக் காட்டிலும் கவனிக்கத்தக்கதாகிவிட்டது. காங்கயம், வெள்ளக்கோவில், தாராபுரம் ஆகிய பக்கங்களில் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் நாய்கள் கூட்டமாய்ப் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், ஆடுகளைப் பறிகொடுத்த விவசாயிகள் அவற்றின் உடல்களுடன் சாலைக்கு வந்து நஷ்டஈடு கேட்டு முறையிட்டதையும் யாவரும் அறிவர். கொன்றவை உடையவரில்லாத தெருநாய்களே என்று சொல்லிவிடலாம். ஆனால் உடையவருள்ள நாயையும் பொழுது சாய்ந்தவுடன் அவிழ்த்து விட்டுவிட்டால், அது எந்தக் கூட்டத்தோடு சேரும், எந்த வேலியைத் தாண்டும் என்பதற்கு யார் பொறுப்பு? தன் சாளையில் காவலாயிருக்கும் நாயே அடுத்த தோட்டத்துப் பட்டிக்குச் சத்துருவாய் முடியக்கூடும். ஆகையால், பகலெல்லாம் சங்கிலியில் கிடந்து இரவெல்லாம் திரிகின்ற நாயை விட, வேளைக்கு வேளை கையில் பிடித்து நடத்தப்பட்டு, தன் எல்லைக்குள் பழக்கப்பட்ட நாயே உடையவருக்கும் அயலாருக்கும் நன்மை தருவது. அவ்வாறு நடத்துவதற்குக் கழுத்துப் பட்டை சிறந்ததா, கடைக்காரர்கள் ‘ஹார்னஸ்’ என்று சொல்லும் மார்புக் கச்சை சிறந்ததா என்பதே இங்கு ஆராயப்படுவது.

இழுப்பு எங்கே விழுகிறது?

இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை ஏர் பிடித்தவருக்கு விளக்குவது எளிது. மாட்டின் கழுத்தில் நுகத்தடியை எங்கே வைக்கிறோம்? கழுத்தின் மேற்புறத்தில், திமிலுக்கு முன்னால் வைக்கிறோம். பாரம் இழுக்கும்போது காங்கயம் காளை தன் திமிலையும் தோளையும் கொண்டு நுகத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. தொண்டையின் மேல் பாரம் விழுவதில்லை. பூட்டாங்கயிறு இறுகித் தொண்டையை அழுத்தினால் மாடு திணறுவதைக் கண்டு உடனே வண்டியை நிறுத்திக் கயிற்றைத் தளர்த்துகிறோம். ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் குதிரைக்கும் மார்பின் குறுக்கே அகலமான வாரைப் பூட்டினார்களேயன்றி, தொண்டையில் சுருக்கிட்டு இழுக்கச் செய்யவில்லை. வடதுருவத்தை அடுத்த பனி நாடுகளில் நாய்களைக் கொண்டே சறுக்கு வண்டி இழுக்கும் மக்களும், பாரம் மார்பிலும் தோளிலும் விழும்படியான கச்சையையே பூட்டுகின்றனர்.

நாயின் கழுத்தில் பட்டையைப் பூட்டிக் கயிற்றால் இழுக்கும்போது நடப்பது இதற்கு நேர் மாறானது. கயிறு பின்புறம் இழுக்கிறது. பட்டை முன்புறத்தில் தொண்டையை அழுத்துகிறது. நாயின் கழுத்திலே மூச்சுக்குழல், உணவுக்குழல், தலைக்குச் சென்று திரும்பும் பெரிய இரத்தக்குழாய்கள், குரல்வளைக்குக் கீழே இருபுறமும் அமைந்த தைராய்டு கோளங்கள், முதுகெலும்பின் கழுத்துப் பாகம் ஆகிய யாவும் சிறிய இடத்தில் நெருங்கியிருக்கின்றன. இவற்றுக்கு மேலே மாட்டுக்கு இருப்பதுபோன்ற திமிலும் இல்லை, தடித்த தோலும் இல்லை. வளர்ந்த நாயொன்று பூனையைக் கண்டு பாய்ந்தோடிக் கயிறு முடிந்த இடத்தில் சட்டென்று நிறுத்தப்படும்போது, அந்த வேகம் முழுவதையும் இரண்டு விரல் அகலமுள்ள பட்டை தொண்டையின் மேல் இறக்கிவிடுகிறது. உடனே நாய் கக்குவதுபோல் இருமுவதையும், நாக்கு நீலம் பாய்வதையும் கண்டிருக்கிறோம்.

இது வெறும் ஊகமன்று. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 26 நாய்களைக் கொண்டு செய்த சோதனையொன்றில், கழுத்துப் பட்டையின் மூலம் இழுக்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் தெளிவாக உயர்ந்தது; அதே நாய்களுக்குக் கச்சை பூட்டி இழுத்தபோது அவ்வாறு உயரவில்லை. கண்நோயுள்ள நாய்க்கும், வயது முதிர்ந்த நாய்க்கும் இது முக்கியமான செய்தி. 2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட மற்றோர் ஆராய்ச்சியில், நாயின் கழுத்தைப் போன்ற உருளை ஒன்றைச் செய்து அதன்மேல் பலவகைப் பட்டைகளைப் பூட்டி, இழுக்கும்போது விழும் அழுத்தத்தை அளந்தார்கள். அகலமானவை, மெத்தை வைத்துத் தைத்தவை உள்பட, சோதித்த பட்டைகளில் ஒன்றேனும் இழுப்பின்போது கழுத்துக்குத் தீங்கில்லை என்று சொல்லத்தக்கதாய் இல்லை. அதாவது, பட்டையின் விலையை உயர்த்துவதால் மட்டும் தொண்டைக்குப் பாதுகாப்பு உண்டாகிவிடாது.

மார்புக் கச்சையின் குணமும் குறையும்

மார்புக் கச்சையானது நாயின் மார்பெலும்பின் மேலும், முன்னங்கால்களுக்குப் பின்னேயுள்ள விலாவின் மேலும் பொருந்துவது. இழுப்பு இவ்விரண்டு அகன்ற இடங்களிலும் பங்கிடப்படுவதால் தொண்டைக்கு உபத்திரவமில்லை. இருமல் உடையவை, மூக்குச் சப்பையான பக் முதலிய ஜாதிகள், மிகச் சிறிய நாய்கள், கண் அல்லது கழுத்து நோயுற்றவை ஆகியவற்றுக்குக் கச்சையே தகுந்தது. இதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை.

ஆயினும் கச்சையைப் பூட்டிவிட்டால் எல்லாக் குறையும் தீர்ந்தது என்று நினைப்பதும் பிசகு. முதலாவது, கச்சை உறுத்தாமலிருப்பதால் நாய் இன்னும் பலமாய் இழுக்கும். ஆஸ்திரேலியாவில் புகலிடத்து நாய்கள் 52-ஐக் கொண்டு செய்து 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதுகில் வளையமுள்ள கச்சை பூட்டிய நாய்கள், பட்டை பூட்டியபோது இழுத்ததைவிட அதிகமாய் இழுத்தன என்று தெரிந்தது. பாரம் இழுக்கவென்றே ஏற்பட்ட அமைப்பு அல்லவா அது! இரண்டாவது, தோளின் குறுக்கே வார் செல்லும் கச்சைகளும், அளவு தவறிய கச்சைகளும் முன்னங்காலை முழுவதும் நீட்டி வைக்கவொட்டாமல் தடுக்கின்றன. மூன்றாவது, நமது வெயிலில் பகலெல்லாம் கச்சையைக் கழற்றாமல் விட்டால் கம்புக்கூட்டில் உராய்ந்து புண்ணாகும். மழையில் நனைந்தால் ஈரம் தங்கிச் சொறி பிடிக்கும். உண்ணி அதனடியில் ஒளிந்துகொள்ளும். நான்காவது, அச்சமடைந்த நாய் பின்னோக்கித் தள்ளித் தளர்ந்த கச்சையிலிருந்து நழுவிவிடக்கூடும். தீபாவளி வெடிச் சத்தத்தில் இவ்வாறு நழுவி ஓடிய நாய்கள் உண்டு.

ஆகவே இவ்விரண்டில் ஒன்றே நல்லது, மற்றது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கில்லை. இரண்டும் இரு வேறு வேலைகளுக்கு ஏற்பட்டவை. பட்டையின் வேலை அடையாளம். நாய் யாருடையது என்று சொல்வதும், அவசரத்தில் கைப்பிடியாவதும் அதற்குரியவை. கச்சையின் வேலை இழுப்பைத் தாங்குவது. அடையாளத்துக்கு ஏற்பட்டதைக்கொண்டு இழுப்பதனாலும், இழுப்புக்கு ஏற்பட்டதை இரவும் பகலும் மாட்டிவைப்பதனாலுமே துன்பம் நேர்கிறது. பட்டை எப்பொழுதும் கழுத்தில் இருக்கட்டும். நடத்தும் வேளையில் மட்டும் கச்சையைப் பூட்டிப் பிடிவாரை அதில் மாட்டுங்கள். இழுக்காமல் உடன் நடக்க நன்கு பழகிவிட்ட நாய்க்குப் பட்டையில் பிடிவாரை மாட்டுவதில் குற்றமில்லை. இழுக்காத கயிறு எங்கே இருந்தால் என்ன?

எந்த நாய்க்கு எது?

நமது நாட்டு ஜாதி நாய்களுக்குச் சில தனி விசேஷங்கள் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி என்னும் வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுங்கி நீண்டும், கழுத்து உறுதியாயும் இருக்கும். தலையின் சுற்றளவு கழுத்தைவிட அதிகமில்லையாதலால் சாதாரணப் பட்டை காதைத் தாண்டி எளிதில் கழன்றுவிடும். கழலாதிருக்க வேண்டுமென்று ஒரு துளை இறுக்கிக் கட்டுவது பெருந்தவறு. இவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை அகலமுள்ள பட்டையே வேண்டும். இழுக்கும்போது ஓர் அளவு மட்டும் இறுகி அதற்குமேல் இறுகாத இரட்டைக் கண்ணிப் பட்டை கிடைத்தால் மிகவும் நலம். மார்பு ஆழ்ந்தும் இடை ஒடுங்கியும் இருப்பதால், கச்சையும் கடையில் எடுத்தபடி பொருந்தாது; அளந்து தைத்தல் சிலாக்கியம்.

ராஜபாளையம் நாய் வெள்ளை நிறமும் மெல்லிய தோலும் உடையது. பட்டை உராய்ந்த இடம் விரைவில் சிவந்து மயிர் உதிரும். இரும்புச் சங்கிலியை நேரே கழுத்தில் சுற்றுவது எந்த நாய்க்கும் ஆகாது. இதற்கு அறவே ஆகாது. இது உடல்வலியும் முன்கோபமும் உள்ள ஜாதியாகையால், பெண்களோ சிறுவர்களோ நடத்துவதாயின் மார்பில் வளையமுள்ள கச்சையே வேண்டும். பிடிவாரை முதுகு வளையத்தில் மாட்டினால் நாய் முன்னோக்கி இழுக்கும்; மார்பு வளையத்தில் மாட்டினாலோ இழுக்கும் நாய் தானே பக்கம் திரும்பி நம்மை நோக்கும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் தனி ஜாதிகளாய்ப் பதிவு செய்யப்பட்டவை. 2005-ஆம் ஆண்டில் ராஜபாளையத்துக்குத் தபால் தலையும் வெளியிடப்பட்டது. இவ்வளவு பெருமையுள்ள பிராணியைச் சாக்குக் கயிற்றில் கட்டிவைப்பது நமக்கு அழகன்று.

கோம்பை ஜாதிக்கும், ஜாதி குறிப்பிடமுடியாத சாதாரண நாட்டு நாய்க்கும் கழுத்தும் மார்பும் அளவாய் இருப்பதால், முன் சொன்ன பொது விதியே போதுமானது. பட்டிக்குள் ஆடுகளோடு அவிழ்த்தே விடப்பட்டிருக்கும் நாய்க்கு மட்டும் கச்சை வேண்டாம். கிளுவை வேலியின் கிளையிலோ முள்ளிலோ சிக்கிக்கொண்டால் உதவிக்கு ஆளிராது.

இறுக்கி மூச்சை அடைக்கும் சுருக்குச் சங்கிலியும், உட்புறம் முட்கள் வைத்த பட்டையும் நாயைத் திருத்தும் என்று விற்கப்படுகின்றன. இமயமலைப் பக்கத்து ஆட்டிடையர்கள் தங்கள் நாய்க்கு முள்பட்டை பூட்டுவதுண்டு. அங்கே முள் வெளிப்புறம் நோக்கியிருக்கும். நாயின் கழுத்தைக் கவ்வ வரும் சிறுத்தையை விலக்குவதற்காக ஏற்பட்டது அது. முள்ளை உட்புறம் திருப்பி நம் நாயையே குத்துவது எவ்விதத்திலும் நியாயமாகாது.

கழுத்தில் பதிந்த பட்டை

கிராமங்களில் காணும் கொடுமைகளில் மிகப் பெரியது இதுவே. இது கெட்ட எண்ணத்தால் நேர்வதன்று, மறதியால் நேர்வது. மூன்று மாதக் குட்டிக்கு ஒரு கயிற்றைக் கட்டுகிறோம். குட்டி மாதந்தோறும் வளர்கிறது, கயிறு வளர்வதில்லை. மயிர் மூடியிருப்பதால் வெளியே தெரிவதுமில்லை. ஆறு மாதம் கழித்து நாய் தலையைச் சாய்த்து நடக்கிறது, கழுத்தைத் தொட்டால் உறுமுகிறது, ஒரு துர்நாற்றம் வீசுகிறது. அப்பொழுது மயிரை விலக்கிப் பார்த்தால் கயிறு தோலை அறுத்துச் சதைக்குள் புதைந்து, ஈ மொய்த்துப் புழு வைத்திருக்கும். ‘பெல்ட்டுப் போட்டாயிற்றே, இன்னும் என்ன?’ என்று கேட்பவர் கவனிக்க வேண்டியது இதுதான்.

இவ்வாறு பதிந்துபோனதை வீட்டிலேயே கத்தியால் அறுத்தெடுக்க முயலாமல், கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய இரத்தக்குழாய்கள் அருகிலேயே இருக்கின்றன. இது நேராமல் தடுப்பதற்கோ அரை நிமிஷம் போதும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல்களைத் தட்டையாய் நுழைத்துப் பாருங்கள். தாராளமாய் நுழைந்தால் சரி. நெருக்கினால் ஒரு துளை தளர்த்துக. குட்டிக்கு ஒரு வயது நிரம்பும்வரை இதைத் தவறவிடலாகாது.

கட்டி வைக்கும் நாய்

நாயைக் கட்டியே வைக்கவேண்டிய வேளைகள் உண்டு. அப்போது சங்கிலியைக் கச்சையில் மாட்ட வேண்டாம். நாய் கச்சையைக் கடித்தறுக்கும், அல்லது காலை அதற்குள் மாட்டிக்கொள்ளும். அகலமான பட்டையில், முறுக்கேறாத சுழல் வளையத்துடன் இலேசான சங்கிலியை மாட்டுக. அதைவிட நல்லது ஓடுகம்பி முறையாகும். இரண்டு கம்பங்களுக்கிடையே ஆளுயரத்துக்கு மேல் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியின் மறுமுனையைக் கோத்துவிட்டால், நாய் நிழலுக்கும் தண்ணீருக்கும் தானே போய்வரும். சங்கிலி எட்டும் தூரத்தில் மதிலோ, திண்ணையோ, கிணற்று மேடோ இருக்கலாகாது. அதைத் தாண்டிக் குதிக்கும் நாய் மறுபுறம் கழுத்தில் தொங்கி உயிர்விடும்.

வால்பாறை போன்ற மலைப்பக்கங்களிலும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களிலும் வேறொரு ஜாக்கிரதை வேண்டும். அங்கே இரவில் வெளியே சங்கிலியிட்டிருக்கும் நாய், சிறுத்தைக்கு இரை வைத்ததற்கு ஒப்பாகும். ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. அத்தகைய இடங்களில் நாயைக் கதவுள்ள அறையில் அடைப்பதே முறை.

சட்டமும் இதில் பேசுகிறது. 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் ஒரு பிராணியை நெடுநேரம் கட்டிவைப்பதும், வழக்கமாய்க் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய நடையும் ஓட்டமும் கொடுக்காதிருப்பதும் குற்றங்களாகும். நாயை நடத்துவது பட்டணத்தார் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

வீட்டிலேயே கச்சை தைக்கும் முறை

கடைக் கச்சை பொருந்தாவிடினும், விலை அதிகமாய்த் தோன்றினும், கட்டில் நாடாவைக் கொண்டு நாமே தைத்துக்கொள்ளலாம். ஒன்றரை அங்குல அகலமுள்ள பருத்தி நாடாவே நமது வெயிலுக்கு ஏற்றது. நைலான் நாடா நெடுநாள் உழைக்குமாயினும் ஓரம் கூர்மையாயிருந்து தோலை அறுக்கும். நாடாவை இரட்டையாய் மடித்து ஓரம் தைத்துக்கொண்டு கீழ்க்கண்ட நான்கு துண்டுகளைத் தயாரிக்கவும்.

1. கழுத்து வளையம்: நூலைக்கொண்டு, கழுத்தின் அடியில் தோளுக்கு முன்னும் மார்பெலும்பின் மேல்முனையிலும் படியும்படி சுற்றி அளக்கவும். தொண்டைக்குழியில் படியக்கூடாது.

2. விலா வளையம்: முன்னங்காலின் முழங்கை மூட்டுக்கு மூன்று விரற்கடை பின்னால் மார்பைச் சுற்றி அளக்கவும். இதைவிட முன்னே வந்தால் கம்புக்கூட்டில் உராயும்.

3. நெஞ்சு வார்: முன்னங்கால்களுக்கு நடுவே மார்பெலும்பின் வழியாய்ச் சென்று இரண்டு வளையங்களையும் கீழே சேர்ப்பது.

4. முதுகு வார்: இரண்டு வளையங்களையும் மேலே சேர்ப்பது.

வளையங்கள் இரண்டிற்கும் அளவைவிட நான்கு அங்குலம் அதிகமாய் வைத்து, செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் பக்கிள் ஒவ்வொன்று வைத்துத் தைக்கவும். நெஞ்சு வாரும் கழுத்து வளையமும் சேருமிடத்தில் ஓர் இரும்பு வளையமும், முதுகு வாரின் நடுவில் மற்றொன்றும் வைக்கவும். மாட்டுக் கயிறு விற்கும் கடைகளில் இவை கிடைக்கும். சேரும் இடங்களைச் சதுரமாய்த் தைத்து நடுவே குறுக்குத் தையலும் போடவேண்டும். பூட்டிய பின் எந்த இடத்திலும் இரண்டு விரல் நுழையவேண்டும். நாயை எதிரே நின்று பார்த்தால் வார்கள் மார்பின்மேல் கவட்டைக் கம்புபோல் படிந்து, தோள் மூட்டுகள் இருபுறமும் தடையின்றி அசையவேண்டும்.

அஞ்சி நழுவும் நாயாயிருந்தால், ஒரு சாண் நாடாவில் இருமுனையும் கொக்கி வைத்து, மார்பு வளையத்தைக் கழுத்துப் பட்டையோடு சேர்த்துவிடுக. கச்சை கழன்றாலும் நாய் கைவிட்டுப் போகாது. வீடு திரும்பியதும் கச்சையைக் கழற்றி நிழலில் உலர்த்தி, வாரம் ஒருமுறை சோப்பிட்டு அலசவும்.

நடை பழக்குதல்

எந்தக் கருவியும் பழக்கத்திற்கு ஈடாகாது. புதுக் கன்றை ஏருக்குப் பழக்குவதுபோலவே நாய்க்கும் பொறுமை வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் கச்சையைப் பூட்டித் தீனி கொடுத்து உடனே கழற்றுக. பிறகு ஆறடிப் பிடிவாரில் களத்திலேயே நடத்துக. பிடிவார் இறுகியவுடன் அசையாமல் நிற்கவேண்டும், தளர்ந்தவுடன் நடக்கவேண்டும். இழுத்தால் வழி அடைபடும், இழுக்காவிட்டால் வழி திறக்கும் என்பதை நாய் சில நாளில் அறிந்துகொள்ளும். திருப்பி வெடுக்கென்று இழுப்பதும் அடிப்பதும் கூடா. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி போதும். சித்திரை வைகாசியில் தார்ச்சாலையின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். நம் கை பொறுக்காத சூட்டில் அதன் காலும் பொறுக்காது.

ஆட்டுப் பட்டியின் ஓரமாகவும் நாள்தோறும் பிடிவாரில் நடத்திப் பழக்குவது மிகவும் பிரயோஜனமுள்ளது. ஆட்டைக் கண்டு துரத்தாமல் கடந்துசெல்லக் குட்டியிலேயே கற்ற நாய், அயலார் பட்டிக்கு ஆபத்தாவது அரிது.

கிணற்றில் விழுந்த நாய்

நமது பக்கத்துக் கிணறுகளில் பல, பாறை உடைத்து ஆழமாய் வெட்டப்பட்டவை. சுற்றுச்சுவர் இல்லாதவையும் உண்டு. விழுந்த நாயைக் கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டித் தூக்கினால் மேலே வந்துசேர்வது பிணமே. கச்சை பூட்டியிருந்தாலும் அதன் தையலை மட்டும் நம்பலாகாது. நாற்புறமும் கயிறு கட்டிய பெரிய கூடையையோ கோணியையோ இறக்கி, நாய் அதில் ஏறிக்கொள்ளும்படி செய்து தூக்குவதே முறை. தனியாய் ஒருவர் கயிற்றைப் பற்றி இறங்குவது ஆபத்து. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்புவது உத்தமம்.

கிராம அதிகாரிகளுக்கு

பட்டையும் கச்சையும் பழகிய நாயால் ஊருக்கு விளையும் பெரிய நன்மை வேறொன்றுண்டு. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் அதற்குச் சிகிச்சை இல்லை, தடுப்பூசியே வழி. நீலகிரியில் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையம் 1907-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதும் இந்நோயின் பயங்கரத்தினாலேயே. நாய்க்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஊசியும் போடவேண்டும். ஆனால் முகாம் கூட்டினால் நடப்பதென்ன? பிடிவார் அறியாத நாயைப் பிடிக்கமுடியாமல் பலர் வெறுங்கையோடு வருகிறார்கள்; சிலர் பிடிக்கப்போய்க் கடிபடுகிறார்கள். நடைக்குப் பழகிய நாயோ மருந்தக வாசலில் அமைதியாய் நிற்கும்.

ஆதலால் முகாமுக்கு ஒரு மாதம் முன்பே, ஒவ்வொரு நாய்க்கும் பட்டை பூட்டிப் பழக்கும்படி கிராம அதிகாரிகள் தண்டோராவினாலோ அறிக்கையினாலோ தெரிவிப்பது நலம். உடையவர் பெயர், தொலைபேசி எண், ஊசி போட்ட தேதி ஆகியவற்றைப் பொறித்த தகடொன்று ஒவ்வொரு பட்டையிலும் தொங்குமானால், இன்ன நாய் இன்னாருடையது என்ற வழக்கே எழாது. பட்டி ஆடு கடிபட்டபோது, தகடுள்ள நாய் எது, உடையவரில்லாத நாய் எது என்று பிரித்தறிவதற்கும் இது உதவும். யாரையேனும் நாய் கடித்துவிட்டால், உடனே காயத்தைச் சோப்பிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்பதையும் முகாம்தோறும் எடுத்துச் சொல்லவேண்டும்.

முடிவாகக் கவனிக்கத்தக்கவை

1. பட்டை அடையாளத்துக்கு; கச்சை நடத்துவதற்கு. இரண்டும் வேண்டும்.

2. இருமல், கண்நோய், சப்பை மூக்கு, சிற்றுடல் உள்ளவற்றைக் கச்சையிலேயே நடத்துக.

3. இழுக்கும் நாய்க்குப் பிடிவாரை மார்பு வளையத்தில் மாட்டுக.

4. வாரம் ஒருமுறை இரண்டு விரல் சோதனை, குட்டிகளுக்குத் தவறாமல்.

5. நடை முடிந்ததும் கச்சையைக் கழற்றுக.

6. கட்டிவைக்கும் இடத்தருகே மதிலும் கிணறும் இருக்கலாகாது.

7. இரவில் அவிழ்த்துத் திரியவிடாதீர்.

ஒரு கச்சைக்குச் சில முழம் கட்டில் நாடாவும் அரை நாள் வேலையுமே செலவு. ஒரு நாய் அயலார் பட்டியில் ஓர் இரவு புகுந்தால் வரும் நஷ்டமும் மனத்தாங்கலும் அப்படித் தீர்வன அல்ல. ஆகையால் குடியானவர்கள் இவ்வாரமே தத்தம் நாயை அருகழைத்து, கழுத்து மயிரை விலக்கி, பட்டைக்கடியில் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார்களாக.